பரணில் கை வைக்கும் முன்பு

ராமேசுவரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் வீட்டை ஒதுங்க வைக்கத் தோதான காலம் ஒன்றுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. என் வீட்டுக்காரர் காலையில் ராமேசுவரம் போய் வலை வேலை பார்த்துவிட்டு மதியத்துக்கெல்லாம் திரும்பிவிடுவார். பீரோவை நகர்த்தவும் பரணில் ஏறவும் ஆள் இருக்கும். வெயில் நன்றாகக் காயும். அக்டோபருக்கு மேல் மழையும் வாடைக் காற்றும் பிடித்துவிட்டால், வெளியே எடுத்து வைத்ததைத் திரும்ப உள்ளே தூக்குவதே பிழைப்பாகிவிடும். இன்னொன்று, தடைக்காலத்தில் கையில் காசு புழங்காது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கும் ஆசை தானாக அடங்கிக் கிடக்கும். வீட்டில் சாமான் குறைய இதைவிட என்ன வேண்டும்?

நான் திண்ணையில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். ஜாக்கெட் துணி கொடுக்க வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "எப்படிக்கா வீட்டை இவ்வளவு காலியா வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யூடியூபில் வீடு ஒதுக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் நடுவீட்டில் கொட்டச் சொல்கிறார்கள். ஒரு வருடம் கை படாததைப் பையில் கட்டி வெளியே போடு என்கிறார்கள். எங்கே போடுவது? எங்கள் தெருமுனையில் போட்டால் கச்சான் காற்று அதைத் தூக்கிச் சீமைக் கருவேலத்து முள்ளில் மாட்டி வைக்கும். மழை வந்ததும் அங்கிருந்து கடலுக்குப் போகும். பிறகு இழுவலையின் மடியில் இறாலோடு சேர்ந்து மேலே வரும். கிழிந்த பாலித்தீனையும் செருப்பையும் மீனிலிருந்து பொறுக்கிப் பிரிப்பது படகில் ஒரு தனி வேலை.

அதனால் நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவேன். முதலில் ஒரு நோட்டை எடுத்து, வீட்டை விட்டுப் பொருள் போகக்கூடிய இடங்களை எழுதுவேன். காயலான் கடை என்ன எடுக்கும், என்ன எடுக்காது. தெருவுக்கு வரும் தூய்மைக் காவலரிடம் எதை எப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தப் படகு டிரைவருக்கு என்ஜின் துடைக்கத் துணி வேண்டும். மல்லிகை நாற்றுத் தோட்டக்காரருக்குப் பழைய வாளி, டப்பா உதவுமா. மே மாதம் யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது. பங்குக் கோயிலில் எதை வாங்கிக் கொள்வார்கள். இதற்கு ஒரு சாயங்காலம் நாலு பேரிடம் பேசினால் போதும். நோட்டில் இடம் எழுதப்படாத பொருளை நான் இருந்த இடத்திலிருந்து அசைப்பதில்லை. அலமாரியிலேயே கிடக்கட்டும். அதற்கு வழி கிடைக்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்தால் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நாளில் ஒரு மூலை. ஆனால் நடுவீட்டில் மலைபோலக் குவித்துவிட்டு, இரவில் அலுத்துப்போய் மறுபடி அதே பரணில் ஏற்றுகிற கூத்து நடக்காது.

வலை அறையிலிருந்து தொடங்குங்கள். கடற்கரை வீடுகளில் பாதி இடத்தை அதுதான் பிடித்திருக்கும். கிழிந்த மடி, ஒற்றை இழை நைலானில் பின்னிய நரம்பு வலை, கயிறு, மிதவை, ஈயக் குண்டு, துருப்பிடித்த சங்கிலி, எல்லாம் ஒரே சிக்காகக் கிடக்கும். சிக்காகவே எடைக்குப் போட்டால் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையைத்தான் சொல்வார். வெயிலில் விரித்து நன்றாகக் காயவிட்டு, உதறி, உப்பையும் மணலையும் கொட்டுங்கள். நல்ல தண்ணீரில் அலச வேண்டாம். குடிக்கவே காவிரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் வலை அலசுவது அநியாயம். அப்புறம் வலையில் இருந்து கயிற்றை வெட்டி எடுங்கள், மிதவையைத் தனியாக, ஈயத்தைத் தனியாகப் பிரியுங்கள். நரம்பு வலையும் திரித்த நூல் வலையும் வேறு வேறு சரக்கு, கலக்கக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் மிதவையும் கயிறும் நாட்டுப்படகுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தடை இல்லை, எந்நேரமும் தேவை இருக்கும். நைலான் கயிறு வலுவாக இருந்தால் கட்டில் பின்னலாம்.

ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி மறுபடி குண்டு வார்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதன் புகையும் தூசியும் உடம்புக்குள் போய்த் தங்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எடைக்குப் போட்டுவிடுங்கள். தூண்டில் முள்ளைப் பழைய ரப்பர் செருப்பில் குத்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள். குப்பை பிரிக்கிறவர் வெறுங்கையோடு பிரிக்கிறார்.

பழைய வலையைக் கொல்லைக்கு வேலியாகக் கட்டுவது இங்கே வழக்கம். திரித்த நூலில் பெரிய கண்ணாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம், ஆடு உள்ளே வராது. நரம்பு வலையை மட்டும் கட்டாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாது. சாரைப்பாம்பு, ஓணான், குருவி எல்லாம் மாட்டிச் செத்து நாறும். கடலில் விட்டாலும் அதே கதைதான், இன்னும் பெரிதாக. நைலான் மக்காது, ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆமை மாட்டும், கடல்பசு மாட்டும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள் அவை. வலை பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைப் பக்கம் 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். நம் வீட்டு வலை மிதந்து போய் அங்கே சேர எத்தனை நாள் ஆகும் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "காத்து ஒத்துக்கிட்டா ரொம்ப நாள் ஆகாது" என்றார்.

தெர்மோகோல் மீன் பெட்டியில் மண் போட்டுக் கீரை வளர்க்கலாம் என்று படம் போடுகிறார்கள். எங்கள் வெயிலில் கொஞ்ச நாளில் பொரிந்து உதிர்ந்து முற்றம் முழுக்க வெள்ளை மணியாகப் பறக்கும். உடையாமல் இருக்கும்போதே மீன் வியாபாரியிடம் திருப்பிக் கொடுங்கள், அவர் மறுபடி ஐஸ் போட்டு அனுப்புவார்.

இனி பெரியவர்கள் இருக்கும் வீட்டில் என்ன செய்வது என்பது. என் மாமி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் அந்த ஊர் போனபோது சின்னப் பிள்ளை. உடுத்தியிருந்த துணியோடு மட்டும் தப்பி வந்த குடும்பம். அதனால் அவர் எதையும் எறிய மாட்டார். மூடி இல்லாத டிபன் கேரியர், ஒற்றைக் கம்மல், கைப்பிடி போன குடை, எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கும். நான் கேட்டால், "கெடக்கட்டும் பிள்ளை, அது என்ன உன்கிட்டச் சோறா கேக்குது?" என்பார். நியாயமான கேள்விதான்.

இப்படிப்பட்டவர்களின் பொருளை அவர்கள் தூங்கும்போது அப்புறப்படுத்தாதீர்கள். சில மருமகள்கள் இதைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது திருட்டாகத்தான் படுகிறது. "இது வேணுமா?" என்றும் கேட்காதீர்கள். வேணும் என்றுதான் பதில் வரும். "மாமி, இந்தப் பித்தளைப் போணி நல்லா கனமா இருக்கு, இதை யாருக்குக் கொடுத்தா பொழங்குவாங்க?" என்று கேளுங்கள். ஆளைத் தேடுகிற வேலை அவர்களுடையதாகிவிடும். மாமி யோசித்து, கரையூரில் இருக்கும் தன் தங்கை பேத்திக்குக் கல்யாணம் என்று கண்டுபிடித்து, தானே புளி போட்டுத் தேய்த்து வைப்பார். உப்புக் காற்று என்ன செய்கிறது என்பதையும் எடுத்துக் காட்டலாம். எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடித்தகடு துருவேறி, மேலே இருந்த வெள்ளைச் சேலையில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. வைத்திருந்தால் பத்திரம் என்பது கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்குச் சரி. கடலோரத்தில் இரும்பு, துணி, காகிதம் மூன்றும் பூட்டி வைத்தே பாழாகும். அதற்கப்புறம் மாமியே ஒவ்வொன்றாக எடுத்துத் தர ஆரம்பித்தார். ஆனால் ஒரு பெட்டி முழுக்க அவருக்கென்று விட்டுவிட்டோம். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, நீங்களும் உங்கள் வீட்டில் அப்படி ஒன்றை விட்டுவிடுங்கள்.

துணி என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி, பாத்திரம் தருகிறவர் தெருவுக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். பத்து சேலையைக் கொடுத்து, தேவையில்லாத ஒரு டப்பை உள்ளே கொண்டுவருவதில் என்ன லாபம்? குறிப்பாகப் பழைய பட்டுச் சேலையைப் பாத்திரத்துக்குப் போடக் கூடாது. அந்தக் காலத்து அசல் சரிகையில் வெள்ளி உண்டு. பழைய பட்டு எடுப்பவர்கள் உரசிப் பார்த்து விலை சொல்வார்கள். இரண்டு பேரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் அவ்வப்போது மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லாவிட்டால் மடிப்போடு இற்றுவிடும்.

மற்றதைப் பருத்தி, பாலியஸ்டர் என்று இரண்டாகப் பிரியுங்கள். தெரியவில்லை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; பழைய பருத்தி உடனே குடித்துவிடும், பாலியஸ்டரில் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பருத்திக்கு எங்கள் ஊரில் கிராக்கி அதிகம். நைந்த வேட்டி, லுங்கி, நைட்டி எல்லாம் படகு டிரைவர்களுக்கு வேண்டும். என்ஜின் எண்ணெய் துடைக்கப் பருத்திதான் சரி. கொடுப்பதற்கு முன் பட்டன், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அவற்றை ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் தையல்காரி யாராக இருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள். துடைத்த துணியைக் கடலில் வீசாமல் சாக்கில் போட்டுக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லியே கொடுங்கள். கேட்பார்களா என்றால், பாதிப் பேர் கேட்பார்கள்.

நைந்தும் நையாத நூல் சேலை இருந்தால் தொட்டிலுக்கு எடுத்து வையுங்கள், எந்த வீட்டிலாவது பிரசவம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதைவிட நைந்ததை நான்காக மடித்துத் தைத்தால் பிள்ளைகளுக்கு விரிப்பு. பாலியஸ்டர் சேலை எண்ணெய் துடைக்க ஆகாது, ஆனால் பை தைக்க அருமை. சீக்கிரம் காயும், மடித்தால் கைக்குள் அடங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மீன் வாங்க மட்டும் இன்னும் பாலித்தீன்தான் என்கிறார்கள். அதற்கும் ஒரு மூடிபோட்ட தூக்குவாளி போதும்.

விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு தரும் பிளவுஸ் பிட் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். யாரும் தைத்துப் போடுவதில்லை. நான் கொடுத்த பிட்டே மூன்று வீடு சுற்றி எனக்குத் திரும்பி வந்திருக்கிறது, அதே மடிப்போடு. அவற்றைத் தலையணை உறையாகவோ சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடையாகவோ வெட்டிவிடுங்கள். தலையணை இலவம் பஞ்சாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஈரக் காற்றில் பஞ்சு கட்டிபட்டிருக்கும். பிரித்து வெயிலில் காயப்போட்டு, கையால் பிய்த்து உதிர்த்துப் புது உறையில் அடைத்தால் மறுபடி எழும்பிவிடும். ஸ்பாஞ்சு மெத்தை கெட்டுப்போனால் இங்கே எடுப்பார் யாரும் இல்லை. இப்போது இருப்பதை வெட்டித் திண்ணைக்குக் குஷன் பண்ணுங்கள், அடுத்தது வாங்கும்போது யோசியுங்கள்.

பள்ளிச் சீருடையும் புத்தகமும் மே மாதம் முடிவதற்குள் கை மாற வேண்டும். ஜூனில் எல்லாரும் வாங்கி முடித்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவர்கள் வீட்டில் குப்பை. கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள், வளரும் பிள்ளைக்கு இரண்டு விரல் நீளம் கிடைக்கும். நோட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தால் கணக்குப் போட ஆகும்.

சமையல்கட்டில் அதிகம் சொல்ல இல்லை. கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய்க்கு. ஓட்டை விழுந்த அலுமினியம் எடைக்கு. பித்தளையை விற்பதைவிட வெள்ளீயம் பூசிப் புழங்குவது நல்லது. அந்தந்த ஊரில் பூசுகிறவர் குறைந்துவிட்டார், பாத்திரக்கடையில் விசாரியுங்கள். ஓலைப்பெட்டி, சுளகு, பாய் இற்றுப்போனால் கவலையே இல்லை, மல்லிகைச் செடி அடியில் மூடாக்காகப் போட்டால் மண்ணாகிவிடும்; பிளாஸ்டிக் நூல் கலந்து பின்னியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் பழைய குருத்தோலையைக் கோயிலில் கேட்கும்போது கொடுத்துவிடலாம். அதை எரித்த சாம்பல்தான் அடுத்த சாம்பல் புதனுக்கு நெற்றியில் வரும்.

மின்சாமான் இப்போது எல்லா வீட்டிலும் பெரிய தொல்லை. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, இவை பரணில் இல்லாத வீடு இந்தத் தீவில் குறைவு. மிக்ஸியும் மின்விசிறியும் ஓடினால் யாருக்காவது ஆகும். ஓடாவிட்டால் மோட்டார் சுற்றுகிற கடையில் கொடுங்கள், செம்புக் கம்பிக்கு மதிப்பு உண்டு. டிவிதான் சிக்கல். அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய இரும்பு எடுப்பவர் செம்பை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை ஓடையில் உடைத்துப் போட்டுவிடுவார். மின்கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தில்தான் சேர்க்க வேண்டும், தயாரித்த கம்பெனிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதியே சொல்கிறது. எனவே முழுசாக, உடைக்காமல் வைத்திருங்கள். ராமநாதபுரத்தில் புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்துப் பேசுங்கள். வழி கிடைக்கும்வரை அது பரணில் கிடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், அந்தப் புகை பொல்லாதது.

படகு பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி சுலபம். விற்ற கடையே திரும்ப எடுக்கும், புதியதில் விலை குறைக்கும். டியூப்லைட்டிலும் பழைய சுருள் பல்பிலும் பாதரசம் உண்டு, உடையாமல் அட்டையில் சுற்றுங்கள். காலாவதியான மாத்திரை, டார்ச் செல், பல்பு, ஊசி நான்கும் ஒரே தனி டப்பா. தூய்மைக் காவலரிடம் கையில் கொடுத்து, என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள்.

எங்கள் கரைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. ஷோகேஸில் பவளம், காய்ந்த கடல்குதிரை, பெரிய சங்கு வைத்திருப்பார்கள், தாத்தா காலத்துப் பொருள் என்று. வேண்டாம் என்று தோன்றினால் சிப்பிக் கடையில் விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் கடல்குதிரையும் பாதுகாக்கப்பட்டவை. சங்கு, சிப்பியிலும் சில வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு. விற்றால் குற்றம். பார்சலில் வெளியூர்ச் சொந்தக்காரருக்கு அனுப்பவும் கூடாது. என்ன செய்ய என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைப்பதுதான் வழி. பட்டியலில் இல்லாத சாதாரணச் சிப்பியைச் செடித் தொட்டியின் அடியில் போடுங்கள், தண்ணீர் வடியும்.

எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் தொடாததைக் கொடு என்ற கணக்குப்படி பார்த்தால் தார்ப்பாய், அரிக்கேன் விளக்கு, தடித்த கயிறு, உபரிக் குடங்கள் எல்லாம் போய்விடும். புயல் கூண்டு ஏற்றிய அன்றுதான் அவற்றின் அருமை தெரியும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் குடத்தை எண்ணிக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். கீறல் விழுந்த பிளாஸ்டிக் குடத்தை மட்டும் எடுங்கள். வெயிலில் கிடந்தால் நொறுங்கும், நொறுங்கினதை யாரும் வாங்க மாட்டார்கள். முழுசாக இருக்கும்போதே எடைக்குப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இதேதான்.

காயலான் கடை வண்டி வரும்போது இரும்பு, அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக், பேப்பர் எல்லாம் தனித்தனிச் சாக்கில் கட்டித் தயாராக இருக்கட்டும். வீட்டில் எடைபோட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் தராசுக்கும் நம் எழுத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அப்போதே பேசிவிடலாம். சின்ன வயதில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற ஞாபகத்தில் இன்னும் சிலர் விலையே கேட்பதில்லை.

காலியான இடத்தைப் பார்த்ததும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி அடுக்கத் தோன்றும். வாங்காதீர்கள். ஒரு மாதத்தில் அதுவும் நிரம்பும். தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது புது வலையும் கயிறும் வீட்டுக்கு வந்தாக வேண்டும், அவற்றுக்கே அந்த இடம் தேவைப்படும். சுவரோரம் ஒரு கை அகலம் விட்டு, தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குங்கள். கரையானும் உப்பும் ஏறாது. செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்பு, பரணில் இருப்பதை ஒருமுறை இறக்கி வெயில் காட்டுங்கள். அப்போதும் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.